தேவையற்றதை அடிக்கவும்

பசை வாளியோடு ஒருவர் வந்து என் கடை முன்னால் நின்றபோது, சினிமா போஸ்டர் ஒட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கடையின் பக்கவாட்டுத் தகரத்தில் தியேட்டர்காரர்கள் கேட்காமலே ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். நானும் ஒன்றும் சொல்வதில்லை. படம் மாறினால் தகரத்துக்கு ஒரு புதுச்சட்டை என்று விட்டுவிடுவேன்.

நிமிர்ந்து பார்த்தால் காக்கிச் சட்டை. நகராட்சி ஊழியர் ஏழுமலை. வேலைக்குப் போகிற வழியில் தினமும் என் கடையில் நின்று, விளையாட்டுப் பக்கத்தை மட்டும் ஓசியில் படித்துவிட்டுப் போகிறவர். அன்றைக்கு அவர் பேப்பரைத் தொடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

“சூசைண்ணே, எம்மேல கோவப்படாதீங்க. ஒட்டச் சொன்னாங்க, ஒட்டுறன்.”

“என்னாது அது?”

“படிச்சிப் பாருங்க. படிக்கறதுதான ஒங்க பொழப்பு.”

தொங்குகிற வார இதழ்களை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் பலகையில் பசையை இழுத்தார். மைதாப் பசை சூடு ஆறாமல் இருந்தது.

நடைபாதையில் நான் நிரந்தரக் கட்டுமானம் அமைத்திருப்பதாக நானே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறேனாம். ஆகவே ஏழு நாட்களுக்குள் நானே அகற்றிக்கொள்ள வேண்டுமாம். தவறினால் நகராட்சி அகற்றுமாம். கீழே கையெழுத்து, முத்திரை.

என் பெயரில் ஒரு பிழை இல்லை. அதுதான் முதல் பயம். அதுவரைக்கும் எந்த அரசாங்கக் காகிதத்திலும் என் பெயர் சரியாக வந்ததே கிடையாது. ரேஷன் கார்டில்கூட நான் ‘சூரை’தான். இந்த ஒரு காகிதத்தில் மட்டும் என்னை அச்சு அசலாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஜெனி, அமல், இந்தத் தொடரை யாருக்காக எழுதுகிறீர்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, என் ரெண்டு பிள்ளைகளுக்காக என்றுதான் சொன்னேன். நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஒரு வாரம் முழுக்க அப்பா உங்களோடு சரியாகப் பேசவில்லை. எதற்கென்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாரத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

கடை என்றால் என்ன கடை

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டு ஓரத்தில் நான்கு இரும்புக் கால் மேல் நிற்கிற ஒரு மரப்பெட்டி. மேலே தகரம். முன்னால் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு வார இதழ்கள். பலகை மேல் நாளிதழ்கள். காலில் சாய்த்து அன்றைய தலைப்புச் செய்திப் போஸ்டர். அவ்வளவுதான். உள்ளே நான் ஒருவன் உட்காரலாம், ரெண்டு பேர் உட்கார முடியாது.

அப்போது அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம். ரயில் வந்தால் கேட் மூடுவார்கள். கேட் மூடினால் கூட்டம் நிற்கும். நிற்கிற கூட்டத்தில் பத்துக்கு ஒருத்தர் பேப்பர் வாங்குவார். ரயில் இல்லாததால் கேட் எந்நேரமும் திறந்தே கிடந்தது. சனங்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். ஏற்கெனவே வியாபாரம் இறங்கிப் போயிருந்த நேரத்தில்தான் இந்த நோட்டீஸ் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஆக்கிரமிப்புகள் அகற்றம்’ என்று எத்தனையோ ஊர்களின் செய்தியை நான் என் கையாலேயே தொங்கவிட்டிருக்கிறேன். மஞ்சள் எந்திரம் ஒன்று கையைத் தூக்கி நிற்கிற படம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் நிற்கிற படம். அந்தப் படத்துப் பெண்ணை நான் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்தது இல்லை. அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் இடத்தில் உங்கள் அம்மாவின் முகம் தெரிந்தது.

ஈரத்தோடு உரித்தது

எட்டு மணிக்கு உங்கள் அம்மா லூர்து டிபன் கொண்டுவருவாள். மணி ஏழே முக்கால்.

பசை காய்வதற்குள் ஓரத்தில் நகத்தை விட்டு, கிழியாமல் மெல்ல உரித்தேன். கை முழுக்கப் பசை. எங்கே வைப்பது? விற்காத பழைய வார இதழ் ஒன்றைப் பிரித்து நடுவில் வைத்து, அந்த இதழைக் கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அவள் வந்தாள். “ஏன் பலக ஈரமா கெடக்குது?” என்றாள்.

“சினிமாக்காரன் ஒட்ட வந்தான். வாணாம்னு தொடச்சி விட்டுட்டேன்.”

“எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. இன்னிக்கி என்னா புதுசா?”

நான் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் இட்லி இருந்தால் பதில் சொல்ல வேண்டியது இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் நான் ஒன்றுமே செய்யவில்லை. யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. பயந்தவன் ஓடுவான் என்று சொல்வார்கள். நான் அப்படி இல்லை. பயந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். ரோட்டில் பெரிய வண்டி எது உறுமினாலும் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பேன். தண்ணி லாரியாக இருக்கும். திரும்ப உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி உறுமும்.

அந்த ரெண்டாவது நாள் சாயந்திரம்தான் ஜெனி நீ ஒரு பள்ளிக்கூடப் படிவத்தைக் கொண்டுவந்து, “அப்பா, தந்தையின் தொழில்னு இருக்குது, என்னா எழுதட்டும்?” என்றாய். “அத வுட்டுடு” என்று கத்தினேன். நீ ரப்பரால் அந்த வெற்றுக் கட்டத்தையே அழித்துக்கொண்டிருந்தாய். அதில் அழிக்க ஒன்றுமே இல்லை.

ரெண்டு கோடு

நானே ஒப்புக்கொண்டேன் என்று எழுதியிருந்தார்களே, அது எப்படி?

அதற்கு ரெண்டு மூன்று மாதம் முன்னால், நடைபாதைக் கடைக்காரர்கள் எல்லோரும் புதிதாக உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். நானும் படிவம் வாங்கி வந்தேன். பெயர், முகவரி, கடையின் நீளம், அகலம் எல்லாம் சிரமம் இல்லாமல் எழுதினேன். எட்டாம் வகுப்புப் படிப்பு அதுவரைக்கும் தாங்கும்.

கடைசிக்கு முந்தின வரியில் இப்படி இருந்தது: ‘கடை அமைப்பு: நிரந்தரம் / தற்காலிகம். தேவையற்றதை அடிக்கவும்.’

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா சவரி வீட்டுக்கு வந்திருந்தான். லூர்துவின் தம்பி. சிதம்பரத்தில் கீழ வீதியில் என்னைப் போலவே அவனுக்கும் பேப்பர் கடை. படிவத்தைக் காட்டினேன்.

“மாமா, இதுல யோசிக்க என்னா இருக்குது? எங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவ தேரு ஓடுது. ரெண்டு தடவையும் கடையத் தூக்கிகினு போய் சந்துல வெச்சிட்டு, தேரு போனப்பறம் மறுபடியும் தூக்கியாரணும். எங்க கத நாய்ப் பொழப்பு. ஒங்களுக்குத்தான் தேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிரந்தரம்னு போடுங்க. அப்பதான் வெயிட்டு.”

எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. ஸ்கேல் வைத்து, ‘தற்காலிகம்’ என்ற சொல்லை ரெண்டு கோடு போட்டு அடித்தேன். நேர்த்தியான கோடு. அடித்துவிட்டுப் படிவத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்து ரசித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

நான் அடித்த சொல் திரும்பி வந்து என்னை அடிக்கும் என்று அப்போது தெரியவில்லை.

லூர்துவின் கத்தரிக்கோல்

மூன்றாம் நாள் வார இதழ்க் கழிவு அனுப்புகிற நாள். விற்காத இதழ்களை முழுசாக ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம். அட்டையில் இதழின் பெயர் இருக்கிற பாகத்தை மட்டும் வெட்டிக் கட்டி அனுப்பினால் போதும். வெட்டுகிற வேலை எப்போதும் லூர்துவுடையது. கடையில் இருந்து கட்டை எடுத்துப் போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இதழ் பிரியாமல் ஒட்டிக் கிடந்தது.

கடைக்கு நடந்தே வந்தாள். கையில் அந்த இதழ். நோட்டீஸ் ஒரு ஊறுகாய் விளம்பரத்தோடு ஒட்டிக் காய்ந்து போயிருந்தது.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. எதிரில் நின்றுகொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

“எத்தினி நாளா தெரியும்?”

“மூணு நாளா.”

“ஏழுல மூணு போச்சு. சினிமாக்காரன்னு சொன்னீங்க.”

“பயமா இருந்துச்சு லூர்து.”

“எனக்குந்தான் இப்ப பயமா இருக்குது. அதுக்காக இத மறுபடியும் புக்குல வெச்சி மூடட்டுமா? எந்திரிங்க. சட்டைய மாத்திகினு ஆபீசுக்குப் போங்க. கடைய நான் பாத்துக்கறேன்.”

ஆசைக்குக் கட்டம் இல்லை

நடைபாதைக் கடைகளைப் பார்க்கிற ஆய்வாளர் ஒரு பெண்மணி. நாற்பது வயசு இருக்கும். மேசை மேல் நாடா கட்டின ஃபைல்கள், ஃபேன் காற்றில் எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்தன. வரிசையில் எனக்கு முன்னால் பூக்காரம்மா ஒருத்தி, செருப்புத் தைக்கிறவர் ஒருத்தர். அவர்களும் நோட்டீசோடுதான் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. இருவருக்கும் உரிமம் கொடுத்து அனுப்பினார். ஊரே தப்பித்து நான் மட்டும் மாட்டிக்கொண்டேன் என்று தெரிவது தனிப் பயம்.

என் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னங்க, ஊறுகாயா?”

“ஒட்டிகிச்சும்மா.”

சிரிக்கவில்லை. ஃபைலைத் தேடி என் படிவத்தை எடுத்தார். விரலை வைத்துக் காட்டினார். “இது நீங்க எழுதினதுதான?”

“ஆமாம்மா.”

“நடைபாத மேல நிரந்தரமா ஒண்ணு கட்டினா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு. தெரியுமா, தெரியாதா? தற்காலிகக் கடைக்கு மட்டுந்தான் நாங்க உரிமம் குடுக்க முடியும். பூக்கார அம்மாவுக்கு எழுதவே தெரியாது. கைநாட்டு. அந்தம்மா தப்பிச்சுட்டாங்க. நீங்க படிச்சவரு, ஸ்கேல் வெச்சி அடிச்சிருக்கீங்க.”

“கடை நெரந்தரமா இருக்கணும்னு ஆசப்பட்டு எழுதினேம்மா. கட்டினதுன்ற அர்த்தத்துல எழுதல.”

“ஆசைய எழுத இதுல கட்டம் இல்லைங்க.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. கோபப்படுகிறவரிடம் கெஞ்சலாம். இவர் நியாயத்தைத்தான் சொல்கிறார்.

படிவத்தைத் திரும்ப ஃபைலில் வைத்தார். பிறகு, “ஒங்க கடை உண்மையிலேயே தற்காலிகம்தானா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. வெறும் பொட்டிம்மா.”

“அப்பன்னா தூக்க முடியணும். வெள்ளிக்கெழம பத்து மணிக்கு நானே வர்றேன். என் கண்ணு முன்னால நாலு பேரு கையால தூக்கிக் காட்டுங்க. தூக்கினீங்கன்னா புதுப் படிவம் தர்றேன். தூக்க முடியலன்னா நோட்டீஸ்ல இருக்கறதுதான். தளத்த ஒடச்சி எடுத்தாலும் அது தனிக் கேசு. அது நகராட்சித் தளம்.”

சரிம்மா, சரிம்மா என்று ரெண்டு கையையும் கூப்பிவிட்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போதுதான் கடையின் கால்கள் ஞாபகம் வந்தன.

கால்கள்

கடை போட்ட புதிதில், பெட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து ரோடு தெரியும். நாய் படுக்கும். மழை வந்தால் கோழிகூட ஒதுங்கும். அதன் பிறகு ரோடு போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு கொஞ்சம் மேலே வந்தது, கடை கொஞ்சம் கீழே போனது.

ஒரு வருஷம் ஓரத்தில் நடைபாதைக்குச் சிமென்ட் தளம் போட வந்தார்கள். “ஒரு நாள் கடைய எடுத்துக்கங்க, போட்டு முடிச்சதும் வெச்சிக்கலாம்” என்றார் மேஸ்திரி. எடுத்தால் திரும்ப வைக்க விடுவார்களோ, இடம் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக் கெஞ்சினேன். கால்களைச் சுற்றியே கலவையைக் கொட்டிச் சமம் செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. புயல் வந்தாலும் இனி கவலை இல்லை என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

ஆபீசில் இருந்து வந்ததும் அதே கடையைப் பிடித்து ஆட்டினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கிளிப்பில் தொங்கிய இதழ்கள் மட்டும்தான் ஆடின. கால் நான்கும் ஒரு சாண் ஆழத்தில் சிமென்டைக் கடித்துக்கொண்டிருந்தன.

அப்படியானால் படிவத்தில் நான் எழுதினது பொய் இல்லை. அதுதான் உண்மை. ஆய்வாளரிடம் ‘வெறும் பொட்டி’ என்று சொன்னதுதான் பொய். இது தெரிந்ததும் என் உள்ளங்கை வேர்த்த வேர்வையில் பேப்பர் மை கையில் ஒட்டியது.

குடிகாடு வழியாக

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். சவரியைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

கடலூர் தாண்டினதும் குடிகாடு. கெமிக்கல் கம்பெனிகள் வரிசையாக வரும். அந்த வாசனை வந்ததும் பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் சாத்தவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக ஆறேழு வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் மூட்டை சுமந்தவன் நான். காண்ட்ராக்ட் ஆள். கேட்டில் பர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒரு வரிசை. அவர்களுக்கு நீல அட்டை, எங்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டையில் பெரிய எழுத்தில் ‘தற்காலிகம்’ என்று இருக்கும்.

பெண் பார்க்கப் போனபோது உங்கள் அம்மாவின் அப்பா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. “தம்பி பர்மனென்டா?” என்றுதான் கேட்டார். “ஆயிடுவேன் மாமா” என்றேன். ஆகவில்லை. ஒரு நாள் மஞ்சள் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

படிவத்தில் ஏன் அந்தச் சொல்லை அப்படி ஸ்கேல் வைத்து அடித்தேன் என்று பஸ்ஸில்தான் எனக்கே புரிந்தது. சவரி சொன்னான் என்பது சாக்கு.

கீழ வீதியில் சவரியின் கடையைப் போய்ப் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்த கடைதான். அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். நான்கு காலும் நான்கு கருங்கல் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. அவன் இடுப்பால் ஒரு இடி இடித்தான். கடை ஒரு விரல்கடை நகர்ந்தது.

நடந்ததைச் சொன்னேன். சவரி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஐயோ மாமா. எம் பேச்சக் கேட்டா அடிச்சீங்க? எங்க அக்கா என்னிய உயிரோட வுடுமா?”

“அத அப்பறம் பாத்துக்கலாம். இப்ப என்னா பண்றது, அதச் சொல்லு மச்சான்.”

“தளத்த ஒடைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்ப ஒண்ணுதான் வழி. கால அறுத்துடுங்க.”

“எதோட கால?”

“ஒங்க கால இல்ல, கடையோட கால. தளத்துக்கு மேல ஒட்ட அறுத்துட்டா பொட்டி தனி, கட்ட தனி. வெள்ளிக்கெழம நான் வர்றேன். தூக்கற வேலைய எங்கிட்ட வுடுங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடையைக் காப்பாற்ற கடையின் காலையே வெட்ட வேண்டும். வெட்டின பிறகு ஆய்வாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? அப்போது காலும் இல்லை, கடையும் இல்லை. வழியெல்லாம் சட்டைப் பையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு மணிகூட நகரவில்லை.

நெருப்பு

வியாழக்கிழமை மத்தியானம், கபீர் பாய் கேஸ் சிலிண்டரோடு வந்தார். பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர்.

“சூசை, பேப்பர எல்லாம் எடுத்துடு. பொறி பட்டா ஒன் கடையே நாளைக்கித் தலைப்புச் செய்தி.”

பேப்பர்களை லூர்து சேலையில் வாரிக் கட்டித் தள்ளி வைத்தாள். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். முதல் காலில் நெருப்பு பட்டதும் இரும்பு சிவந்து, பிறகு ஆரஞ்சாகி, சொட்டியது. பெட்டி ஒரு பக்கம் ‘மடக்’ என்று சாய்ந்தது. நான் ஓடிப் போய்த் தோளைக் கொடுத்தேன்.

“தள்ளிப் போ, காலு மேல விழும்!” என்று பாய் கீழே இருந்து கத்தினார்.

தள்ளிப் போக முடியவில்லை. நான்கு காலும் அறுந்து, அடியில் செங்கல் வைத்து நிறுத்தும் வரைக்கும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றேன். தகரம் வெயிலில் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை

பத்து மணி என்றால் பத்து மணிக்கு வந்துவிட்டார் ஆய்வாளர். கூடவே ஏழுமலை, கையில் அளவு டேப். அவர்கள் பின்னால் வருகிற வண்டி எது என்றுதான் என் கண் போனது. மஞ்சள் எந்திரம் எதுவும் இல்லை. ஆனால் தேவைப்பட்டால் ஒரு போனில் வரும்.

சவரி கூட்டி வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. நான், சவரி, கபீர் பாய், மூன்றே பேர். மூலை நான்கு.

“எங்க நாலாவது ஆளு?” என்றார் ஆய்வாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நாலாவது மூலையைப் பிடித்தாள். “நாந்தான்” என்றாள்.

“நீ வாணாங்க்கா” என்றான் சவரி.

“ஒம் பேச்சக் கேட்டுத்தான் இங்க வந்து நிக்கறோம். பேசாம தூக்கு.”

சவரி என்னைப் பார்த்தான். “மாமா, பயப்படாதீங்க. எதிர்ல தேரு வருதுன்னு நெனச்சிக்கங்க. அப்பதான் தானா தூக்கும். ஏய்... ஒண்ணா... தூக்கு!”

தூக்கினோம். நிஜமாகவே தூக்கினோம். பெட்டி என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. ஐந்தாறு அடி நடந்து ரோட்டு ஓரத்தில் இறக்கினோம். கடை இருந்த இடம் வெயிலே படாத வெளிறின சதுரமாகத் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஆய்வாளர் எங்களைப் பார்க்கவில்லை. அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல்லுக்கு நடுவில், சிமென்டோடு சிமென்டாக, நான்கு இரும்புத் துண்டுகள் புதிதாக அறுத்த பளபளப்போடு மின்னின.

செருப்பு நுனியால் ஒன்றைத் தொட்டார். “இது என்ன?”

சவரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். லூர்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பதில் நான்தான் சொல்ல வேண்டும்.

என்ன சொல்வது? பழைய கம்பி என்று சொல்லலாம். முன்னால் யாரோ நட்டது என்று சொல்லலாம்.

“என் கடையோட காலும்மா. தளம் போட்டப்ப நான்தான் டீ வாங்கிக் குடுத்து சுத்திப் பூச வெச்சேன். இந்த எடம் போயிடுமோன்னு பயந்துகிட்டு. நேத்து அறுத்துட்டேன்.”

அவர் குனிந்து மற்ற மூன்று துண்டுகளையும் பார்த்தார்.

“நோட்டீஸ் குடுத்தப்ப இது நிரந்தரம்தான் அப்ப?”

“ஆமாம்மா.”

“இன்னிக்கி?”

பின்னால் நின்ற பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். சவரி அதன் மேல் கை வைத்திருந்தான். அந்தக் கைக்கே அது கொஞ்சம் அசைந்தது.

“இன்னிக்கி இல்லம்மா.”

“இந்த முள்ளு மாதிரி நீட்டிகிட்டு இருக்கறத தரையோட தரையா ராவி விடுங்க. யாரு காலயாவது கிழிச்சா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு.” ஃபைலில் இருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். “ஒரு வருஷத்துக்குத்தான் குடுப்பேன். அடுத்த வருஷம் மறுபடியும் தூக்கிக் காட்டணும்.”

பலகை மேலேயே வைத்து எழுதினேன். பெயர், முகவரி, நீளம், அகலம். அந்த வரி வந்ததும் பேனா நின்றது. ஸ்கேல் இல்லை. கையாலேயே ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் மேல் கோடு இழுத்தேன். கோணலாகப் போனது. இன்னொரு கோடு இழுத்தேன். அதுவும் கோணல். லூர்து அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வருஷ உரிமத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் போனார். ஏழுமலை மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கி, மெல்ல விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொண்டு போனார்.

மறுநாள்

பாய் ராவி முடித்த பிறகு, சவரி கொண்டுவந்திருந்த கருங்கல் நான்கின் மேல் கடையை உட்கார வைத்திருந்தேன். கல் நான்கும் ஒரே உயரம் இல்லை.

காலையில் முதல் ஆளாக, தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் வந்தார். பேப்பரை வாங்கிப் பிரித்து, என் கடையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். கடை அப்படியே அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. பதறிப் போய்க் கையை எடுத்தார்.

“என்னய்யா இது, ஆடுது?”

“ஆமாங்கய்யா,” என்றேன். “லைசென்ஸ் வந்துடுச்சி.”